கலவை மெஷினின் மூக்குப் பாரம்

போன மாதம் ஒரு காலையில் போன் வந்தது. என்னோடு கடைசிக் காலத்தில் வேலை பார்த்த தம்பி ஒருவர். இப்போது அவரும் மோட்டார் வாகன ஆய்வாளர். ராஜபாளையத்தில் ஒருவர் தன் சின்ன பிக்கப் வண்டிக்குப் பின்னால் ஒரு ட்ரெய்லரை மாட்டி, அதில் ஜூஸ் கடை வைக்கப் போகிறாராம். எடையெல்லாம் கூட்டிப் பார்த்தாயிற்று, கணக்கு சரியாக வருகிறது, இழுக்கலாம் என்று எழுதிவிடலாமா சார் என்று கேட்டார். எடை சரி, மூக்குப் பாரம் எவ்வளவு என்று கேட்டேன். "அது என்ன சார்?" என்றார்.

போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை, சுப்புத்தாயும் சேர்ந்து வந்துவிட்டாள். அதனால் இது கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

எங்கள் பக்கத்தில் மோட்டார் வாகன ஆய்வாளர் என்று சொன்னால் யாருக்கும் விளங்காது. பிரேக் இன்ஸ்பெக்டர் என்றால்தான் தெரியும். என் சொந்தப் பெயர் கல்யாணப் பத்திரிகையில் போட்டதோடு சரி. காய்கறிக் கடையில் என் மனைவிக்குக்கூட 'பிரேக் இன்ஸ்பெக்டர் வீட்டம்மா' என்றுதான் பெயர். இத்தனைக்கும் நான் ஸ்கூட்டரில் போனால் பிரேக்கைத் தொடவே மாட்டேன் என்பது அவள் புகார்.

ஆட்டோமொபைல் டிப்ளமோ, அப்புறம் ஒரு பட்டறையில் கிரீஸும் வசவும், பிறகு தேர்வு, பயிற்சி, நாலைந்து ஊர் மாற்றல். அதில் சொல்ல ஒன்றுமில்லை. கற்றதெல்லாம் வேலையில் சேர்ந்த பிறகுதான். ஆலங்குளத்தில் சுண்ணாம்புக் கல் ஏற்றும் லாரி ஒன்று சமதளத்தில் கை பிரேக் போட்டதும் நட்டுவைத்ததுபோல நின்றது. குவாரிச் சரிவில் நிறுத்தச் சொன்னேன், நான் இறங்குவதற்குள் அது இறங்க ஆரம்பித்துவிட்டது. இன்னொரு முறை ராஜபாளையத்தில் மில் முதலாளி ஒருவரின் வேனைப் பார்க்கப் போனால் டிரைவர் சீட்டில் வெள்ளை நாய் ஒன்று உட்கார்ந்திருந்தது. நான் கதவைத் தொட்டதும் பல்லைக் காட்டியது. முதலாளி வந்து தெலுங்கில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார், நாய் இறங்கிப் போய்ப் படுத்துக்கொண்டது. அந்த வேனின் பிரேக்கைவிட அந்த நாயின் பிரேக் நன்றாக இருந்தது என்று எழுதத்தான் ஆசைப்பட்டேன்.

இப்போது எல்லாம் மெஷின் பார்க்கிறது. சக்கரத்தை உருளைமேல் ஏற்றினால் பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்று திரையில் காட்டிவிடுகிறது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. என் கால் கண்டுபிடிக்காததை அது கண்டுபிடிக்கும், யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனோம் என்று ஞாபகம் வைத்து விட்டுக்கொடுக்கவும் செய்யாது. ஆனால் தன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியதைத்தான் அது பார்க்கும். எங்கள் தொழிலில் தொல்லையே அங்கேதான். எங்கள் முன்னால் வருகிற வண்டி வேறு, ரோட்டில் போகிற வண்டி வேறு. குளித்து, பொட்டு வைத்து, பூப்போட்டுத்தான் வண்டி எங்களிடம் வரும்.

இதை என்னைவிட நன்றாக அறிந்தவர் ரெஜினா மேடம். ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு மேலதிகாரியாக வந்தவர். வயதில் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு சின்னவர். பருத்திப் புடவை, காலில் கேன்வாஸ் ஷூ. வந்த அன்றைக்கு அந்த ஷூவைப் பார்த்து ஆபீசில் சிரிப்பு. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு லாரிக்கு அடியில் அவர் நுழைந்து வந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. குரல் ரொம்பச் சன்னம். கத்திக்கொண்டு வருகிற வண்டிக்காரர்கள் அவர் சொல்வது காதில் விழவேண்டும் என்பதற்காகவே வாயை மூடவேண்டி வரும். திட்ட மாட்டார். முடியாது என்றும் சொல்ல மாட்டார், சரி என்றும் சொல்ல மாட்டார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார், டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார், பிறகு சொந்தக்காரரின் முகத்தைப் பார்த்து ஒன்று கேட்பார்.

"இது இப்படியேதான் ரோட்டுல போகுமா?"

அவ்வளவுதான். இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொன்னவர்களில் பாதிப் பேர் அடுத்த நிமிடம் தலையைச் சொறிவார்கள். பிரேக் ஓட்டம் பார்க்கும்போது சொந்தக்காரரும் வண்டியில் ஏற வேண்டும் என்பது அவர் வைத்த வழக்கம். தன் வண்டியில் ஏறத் தயங்கும் முதலாளிகளை அப்போதுதான் பார்த்தேன்.

சுப்புத்தாய் சேத்தூர்க்காரி. கான்கிரீட் போடுகிற செட்டு ஒன்றின் மேஸ்திரி. கொத்தனார் வேலைக்குச் சித்தாளாகப் போனவள், சட்டி சுமந்தே மேலே வந்து, சொந்தமாகக் கலவை மெஷின் ஒன்று வாங்கி, அப்புறம் பழைய பிக்கப் ஒன்றும் வாங்கியிருந்தாள். அவளிடம் பதினைந்து பேர், பெரும்பாலும் பெண்கள். வண்டியை ஓட்டுவது அவள் வீட்டுக்காரர் கருப்பசாமி. கேட்டால் மட்டும் பேசுகிற மனிதர்.

அந்த பிக்கப் தகுதிச் சான்றுக்காக எங்களிடம் வந்தது. நான் பின்பக்கம் குனிந்து பார்த்தபோது பம்பரில் ஒரு கொக்கி வெல்டிங் செய்திருந்தது. இது எதற்கு என்றேன். மெஷினை இழுக்க என்றாள், நான் கேட்டதே அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. தகரத்தில் கொக்கியை ஒட்டவைத்தால் ஒரு நாள் மெஷின் வேறு ஊருக்குப் போய்விடும், வண்டிக்கு அடியில் ஓடும் சேஸிஸ் சட்டத்தில்தான் மாட்ட வேண்டும் என்றேன். அதை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று உடனே ஒத்துக்கொண்டாள். ஆட்களையும் பின்னால் ஏற்றுகிறீர்களா என்று கேட்டதும்தான், குனிந்து கொக்கியை ஆராய ஆரம்பித்துவிட்டாள்.

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ரோட்டில் போகிற யாருக்கும் தெரியும். என் மனதில் ஒரு வழி இருந்தது. கொக்கியை மாற்றச் சொல்லி, 'ஆள் ஏற்றக்கூடாது' என்று எழுதி, கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிடலாம். சட்டப்படி அது போதும். பக்கத்தில் நின்ற மேடம் அவளிடம் தன் கேள்வியைக் கேட்டார். சுப்புத்தாய் பொய் சொல்லத் தெரியாதவள். மிசின் கிடையாது, ஆள் கிடையாது, சாமான் கிடையாது, இப்படி வெறுமனே எப்படி மேடம் போகும் என்றாள்.

"அப்ப போற மாதிரியே ஒரு நாள் கொண்டுவாங்க. நாங்க வந்து பார்க்கிறோம்," என்றார் மேடம்.

அடுத்த முகூர்த்தத்துக்குக் கான்சாபுரத்தில் ஒரு வீட்டுக்குத் தளம் போடவேண்டி இருந்தது. ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு எடை மேடை. விடியும் நேரத்தில் அங்கே நிற்கச் சொன்னோம். நாங்கள் ஜீப்பில் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் எங்களுக்கு முன்பே வந்திருந்தார்கள். பிக்கப்பில் பெண்கள் தலைமுண்டைக் கட்டிக்கொண்டு நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் இரண்டு சக்கரத்தில் கலவை மெஷின். ஜல்லியும் மணலும் கொட்டுகிற தொட்டி அதன் வால் பக்கம் இருந்தது. மண்வெட்டி, இரும்புச் சட்டி, டீசல் கேன், கான்கிரீட்டை அதிரவைக்கும் மோட்டார், காலைச் சாப்பாட்டுத் தூக்குவாளி எல்லாம் அந்தத் தொட்டிக்குள் கிடந்தன. தொட்டி ஒன்று சும்மா இருந்தால் நம் ஆட்கள் சும்மா விடுவார்களா?

முதலில் எல்லாரோடும் எடை பார்த்தோம். எடை மேடையைப் பார்த்துப் பெண்களுக்கு ஒரே சிரிப்பு. யார் பாரம் அதிகம் என்று ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். கோமதி என்று ஒருத்தி, நல்ல பூசின உடம்பு. தன்னை மட்டும் தனியாக நிறுத்தக்கூடாது என்று மேடத்திடம் முன்கூட்டியே சொல்லிவைத்தாள். ஆட்களோடு சேர்த்தால் பிக்கப்பின் பாரம் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள அளவைத் தொட்டுக்கொண்டு நின்றது. மெஷினின் எடை பிக்கப்பின் எடையில் பாதிக்கும் குறைவு. கூட்டல் கணக்கில் மட்டும் பார்த்தால் பெரிய குற்றம் சொல்ல முடியாது.

பிறகு மேடம் எல்லாரையும் இறக்கினார். மெஷின் மாட்டியபடியே பிக்கப்பின் பின்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி எடை எடுத்தோம். அடுத்து மெஷினைக் கழற்றிவிட்டு அதே பின்சக்கரங்களை மறுபடியும் நிறுத்த வேண்டும். ஒரு பிக்கப் எதையாவது இழுக்கிறது என்றால் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டு எடைகளையும்தான். மாட்டினால் பின்சக்கரத்தில் பாரம் எவ்வளவு கூடுகிறது? ரொம்பக் கூடினால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும், ஸ்டியரிங் பிடிக்காது.

மெஷினைக் கழற்றச் சொன்னதும் ஒரு காரியம் நடந்தது. மெஷினின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இழுவைக் கம்பியை அவர்கள் மூக்கு என்பார்கள். கோமதி போய் அந்த மூக்கின்மேல் உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகுதான் கருப்பசாமி கொக்கியிலிருந்து ஆணியை உருவினார்.

நீங்கள் ஏன் அங்கே உட்காருகிறீர்கள் என்று கேட்டேன். தொட்டியில் சாமான் இருக்கிறதே, உட்காராவிட்டால் மூக்கு மேலே பறந்துவிடுமே என்றாள். தினமும் அவள்தான் உட்காருவாளாம். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பின்சக்கரங்களை இரண்டாம் முறை நிறுத்தினோம். எடை மேடைக்காரர் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

"மிசின் மாட்டுனா எம்பது கிலோ கொறையுது சார், கழட்டுனா கூடுது. மிசின் வண்டிக்கு ஒத்தாசையில்ல பண்ணுது!"

சுப்புத்தாயின் முகம் மலர்ந்துவிட்டது. பாரம் குறைந்தால் நல்லதுதானே? அவள் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் நடப்பது வேறு. மெஷின் பிக்கப்பின் பின்பக்கத்தை மேலே தூக்கிக்கொண்டு வருகிறது. ரோட்டில் ஊன்றி நிற்க வேண்டிய பின்சக்கரம் பாதி மனதோடு ஓடுகிறது. மேடம் குனிந்து மெஷினின் சக்கர அச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே புது வெல்டிங் தெரிந்தது.

விசாரித்தால் கதை வந்தது. வாங்கினபோது மூக்கு நல்ல கனமாம். மாட்ட நாலு பேர் தூக்க வேண்டும். ஒரு நாள் கை நழுவி, சுப்புத்தாயின் நாத்தனார் காலில் விழுந்து இரண்டு விரல் நசுங்கிப்போயிற்று. அன்றைக்கே மெஷினைப் பட்டறைக்குக் கொண்டுபோய், அச்சை ஒரு சாண் முன்னால் தள்ளி வெல்டிங் வைக்கச் சொல்லியிருக்கிறாள். இப்போது தொட்டி காலியாக இருந்தால் ஒருத்தி ஒரு கையால் மூக்கைத் தூக்கிவிடலாம். இன்னொருத்தி கால் நசுங்கக்கூடாது என்று செய்த வேலை அது. அவள்மேல் எனக்கு அந்த இடத்தில் கோபமே வரவில்லை.

ரோட்டில் ஆடுமா என்று கருப்பசாமியிடம் மேடம் கேட்டார். அவர் மனைவியைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"வேகம் எடுத்தா செத்த ஆடும் மேடம். ஆடுச்சின்னா கோமதியையும் இன்னும் ரெண்டு பேரையும் கடைசிப் பலகை ஓரமா வந்து உக்காரச் சொல்லுவேன். பொறவு ஆடாது."

இதைக் கேட்டதும்தான் எனக்கு விளங்கியது. இத்தனை நாள் பின்சக்கரத்தை ரோட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தது இந்தப் பெண்களின் உடம்புப் பாரம்தான். பிக்கப்பின் வாலில் இருக்கும் அந்தக் கடைசிப் பலகைக்கு ஒரு முழம் பின்னால் மெஷின். பிடி விட்டால் விழுகிற இடம் அது. அதோடு இன்னொன்றும் உறைத்தது. நான் நினைத்தபடி 'ஆள் ஏற்றக்கூடாது' என்று மட்டும் எழுதி அனுப்பியிருந்தால், சுப்புத்தாய் நேர்மையாக அதற்குக் கட்டுப்பட்டிருந்தால், பெண்கள் பஸ்ஸில் போயிருப்பார்கள், அழுத்திப் பிடிக்க ஆளில்லாத வண்டியில் கருப்பசாமி தனியாகப் போயிருப்பார்.

மெஷினை மறுபடியும் மாட்டி, ஆள் இல்லாமல் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார் மேடம். எடை மேடைக்குப் பக்கத்திலேயே, கண்மாய்க் கரையை ஒட்டி நேரான ரோடு ஒன்று இருந்தது. அந்த நேரத்தில் வேறு வண்டி கிடையாது. கருப்பசாமி ஓட்ட, பக்கத்தில் நான். வழக்கமாகச் சொந்தக்காரரை வண்டியில் ஏற்றும் மேடம், அன்றைக்குச் சுப்புத்தாயை ஏற்றவில்லை. தன் பக்கத்தில் ரோட்டோரமாக நிறுத்திக்கொண்டார்.

மிதிவண்டி வேகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் வேகம் கூட்டச் சொன்னேன். மூன்றாவது கியர் விழுந்ததும் முதுகுக்குப் பின்னால் யாரோ வண்டியின் வாலைப் பிடித்து இடமும் வலமும் அசைப்பதுபோல ஆரம்பித்தது. ஒவ்வொரு அசைவும் முந்தினதைவிடப் பெரிது. கருப்பசாமியின் கால் பிரேக்குக்குப் போனது. பிரேக் வேண்டாம், ஆக்ஸிலேட்டரை மட்டும் விடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள் என்றேன். இரண்டு ஆட்டம் ஆடி, வேகம் குறைந்து, வண்டி தானாக அடங்கியது. வலப்பக்கக் கண்ணாடியில் கண்மாய்த் தண்ணீர் தெரிந்தது. கண்மாய் இருந்ததோ எங்களுக்கு இடப்பக்கம், வண்டி அவ்வளவு கோணலாக நின்றிருந்தது.

கருப்பசாமி இறங்கி மெஷினின் சக்கரத்துக்குக் கல் வைத்தார். சுப்புத்தாய் ஓடி வந்தாள். வந்தவள் நேராக மெஷினிடம் போய் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அப்பா ஒரு காலத்தில் மாட்டு வண்டி ஓட்டியவராம். வண்டியில் பாரம் பின்னால் ஏறிவிட்டால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு மேலே எழும்பும், இறக்கத்தில் வண்டி மாட்டைத் தள்ளிக்கொண்டு போகும். அதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

"பின்பாரம் ஆயிட்டு மேடம்," என்றாள். "வண்டி மிசின இழுக்கல. மிசினுல்ல வண்டிய ஆட்டுது. நான் பொம்பளைகள அதுக்கு மேலேயில்ல உக்கார வச்சிருக்கேன்."

அடுத்த நிமிடமே அவளுக்குக் கான்சாபுரம் நினைவுக்கு வந்தது. அங்கே கம்பி கட்டி, ஜல்லி கொட்டி, வீட்டுக்காரர்கள் பூ, பழம், தேங்காயோடு நிற்கிறார்கள். தளம் போட ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது, நிறுத்தினால் அந்த ஒட்டில் ஒழுகும். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் மெதுவாகப் போய்க்கொள்கிறோம் என்று கெஞ்சினாள். மேடம் தலையை மட்டும் அசைத்தார். கெஞ்சல் கோபமாக மாறியது.

"ஒரு செட்டு சேக்குறது எம்புட்டுக் கஷ்டம்னு மேடத்துக்குத் தெரியுமா சார்? இன்னைக்குப் போகலைன்னா நாளைக்கு எவளும் என்கூட வர மாட்டா. கலைஞ்சிரும். கையெழுத்துப் போட முடியாதுன்னா, இவள்ளாம் யாருகிட்டப் போவா, அதையும் நீங்களே சொல்லுங்க."

மேடம் அவள் அருகே போய், இன்றைக்கு இந்த மெஷின் இங்கேயே நிற்கட்டும், வத்திராயிருப்பில் வாடகை மெஷின் கிடைக்கும், நீங்கள் பஸ்ஸில் போங்கள் என்றார். அவருடைய குரல் வழக்கத்தைவிடச் சன்னமாக இருந்தது. சுப்புத்தாய் மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, "ஏட்டி கோமதி, சட்டிய எடு," என்றாள். பதினைந்து பேரும் சட்டி, மண்வெட்டியோடு பஸ் ஏறினார்கள். கண்டக்டர் ஒரு பாட்டம் புலம்பினார். அவள் மெஷின் எடை மேடை ஓரத்தில் நின்றது. அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். எனக்கு மனசே சரியில்லை. ஆபீஸுக்கு வந்து அன்றைக்கு வந்த எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன்.

கான்சாபுரத்தில் தாமதமாக ஆரம்பித்து, வீட்டுக்காரர்களிடம் பேச்சு வாங்கி, ஒருவழியாகத் தளத்தை முடித்திருக்கிறார்கள். அதன் பிறகு கொஞ்ச காலம் அவளுக்கு நேரம் சரியில்லை. செட்டில் நாலைந்து பேர் வேறு மேஸ்திரியிடம் போய்விட்டார்கள். ஆபீஸ் வாசலில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கருப்பசாமி மட்டும் ஒரு தரம் கையெடுத்துக் கும்பிட்டார்.

மெஷினை எப்படிச் சரிசெய்வது என்று மேடம் ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார். அச்சைப் பழைய இடத்துக்குத் தள்ளவேண்டும், அப்போதுதான் மூக்கில் பாரம் இருக்கும். அந்தப் பாரத்தை யாரும் தூக்கக்கூடாது. மூக்கின் அடியில் கைப்பிடி சுற்றி ஏற்றி இறக்கும் சின்னச் சக்கரம் ஒன்று வைக்கவேண்டும். தொட்டியில் ஒரு மண்வெட்டிகூடப் போடக்கூடாது, சாமான் எல்லாம் பிக்கப்பில். கொக்கி சேஸிஸ் சட்டத்தில். அது அறுந்தாலும் மெஷின் கழன்று போகாதபடி இரண்டு பக்கமும் சங்கிலி, மூக்குக்கு அடியில் குறுக்காக. இத்தனை செய்தாலும் அந்தப் பிக்கப் இழுக்குமா என்று தயாரித்த கம்பெனியிடமே எழுதிக் கேட்டோம். இவ்வளவு எடைவரை இழுக்கலாம், மெதுவாகப் போகவேண்டும் என்று பதில் வந்தது. அந்த எடைக்குள்தான் மெஷின் இருந்தது.

மறுபடியும் கொண்டுவந்து நிறுத்தினாள். மேடம் தன் வீட்டிலிருந்து, குளியலறையில் வைத்து நின்று எடை பார்க்கிற சின்ன மெஷினைக் கொண்டுவந்திருந்தார். அதன்மேல் ஒரு மரக்கட்டை, கட்டையின்மேல் கலவை மெஷினின் மூக்கு. பத்துப் பங்கு எடையில் சுமார் ஒரு பங்கு மூக்கில் இருக்கவேண்டும் என்பது எங்கள் கணக்கு. சரியாக இருந்தது. மாட்டியபின் பிக்கப்பின் பின்சக்கரத்தில் பாரம் கூடியிருக்கிறதா என்று பார்த்தோம், கூடியிருந்தது. முன்சக்கரம் லேசாகிவிடவில்லை. பிறகு அதே கண்மாய் ரோடு, அதே கருப்பசாமி, பக்கத்தில் நான். இந்தத் தடவை சுப்புத்தாயும் எங்களோடு முன்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். யார் சொல்லியும் இல்லை, தானே ஏறினாள். வண்டி ஒரு இழைகூட ஆடவில்லை. பிரேக் போட்டபோது மெஷின் பின்னாலிருந்து தள்ளியது தெரிந்தது. அதற்காகத்தான் மெதுவாகப் போகச் சொன்னது என்றேன். அவள் தலையாட்டினாள்.

கையெழுத்துப் போடும் முன் மேடம் வழக்கம்போல அதே கேள்வியைக் கேட்டார். இப்படியேதான் என்றாள் சுப்புத்தாய். ஆட்கள் எப்படி வருவார்கள் என்று மேடம் கேட்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள்தான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

அவள் கண்ணைத் தாழ்த்தியதுதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. சான்று வாங்கிக்கொண்டு போன மறுநாளே பெண்கள் பிக்கப்பில் ஏறினார்களா, இல்லையா? எனக்குத் தெரியாது. கலவை மெஷின் இழுத்துப் போகும் வண்டி எதைப் பார்த்தாலும் என் கண் முதலில் அதன் பின்பக்கத்துக்குத்தான் போகும். பஸ்ஸில் போகும்போதுகூட எட்டிப் பார்ப்பேன். நான் ஓய்வு பெற்றேன், மேடம் மாற்றலாகி வடக்கே போனார். இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் மாடி எடுத்தோம். வேலையை ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் விட்டிருந்தேன். தளம் போடும் அன்று காலையில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் கருப்பசாமி இறங்கினார். பிக்கப்பில் சட்டிகளும் மண்வெட்டிகளும் மட்டும் இருந்தன. பின்னால் மெஷின். தொட்டி சுத்தமாகக் காலி. சுப்புத்தாய் இறங்கி என்னைப் பார்த்தாள். இது என் வீடு என்று அவளுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது.

வணக்கம் சொல்லவில்லை, நலம் விசாரிக்கவில்லை. "சார், இங்க வாங்க," என்று மெஷின் பக்கம் கூட்டிப் போனாள். கருப்பசாமி சின்னச் சக்கரத்தை இறக்கி, ஆணியை உருவினார். மூக்கின்மேல் யாரும் உட்காரவில்லை.

"தூக்கிப் பாருங்க," என்றாள்.

நான் குனிந்து இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன். அசையவில்லை. மூச்சைப் பிடித்து இன்னொரு தரம் தூக்கினேன். வாசலிலிருந்து என் மனைவி, இடுப்புப் பிடித்துக்கொண்டால் என்னால் எண்ணெய் தேய்க்க முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மூக்கு சின்னச் சக்கரத்தின்மேல் கனத்துக் கிடந்தது. வாழ்க்கையில் ஒன்றைத் தூக்க முடியாமல் போனதற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

அந்த நேரத்தில் தெருமுனையில் ஒரு மினி பஸ் வந்து நின்றது. அதிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாகக் கோமதி இறங்கினாள், தலை பாதி நரைத்திருந்தது. கூட்டத்தில் உட்காரவே இடம் கிடைக்கவில்லை என்று கண்டக்டரைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

நான் அவர்களைப் பார்த்தேன், மெஷினைப் பார்த்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அன்னையில இருந்து இப்படியேதான் ரோட்டுல போகுதா?"

"இப்படியேதான் சார்," என்றாள் சுப்புத்தாய். இந்தத் தடவை அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.